ஒரே டயர், இரண்டு பஞ்சர்: ஒரு ஞாயிற்றுக்கிழமையின் நிகழ்வு ஆய்வு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒன்றரை மணி நேர இடைவெளியில், என் சைக்கிளின் பின்சக்கரம் இரண்டு முறை காற்று இறங்கிப் படுத்துவிட்டது. முதல் முறை சிங்கப்பூரின் பிடோக்கில் என் வீட்டு வாசலில், கிளம்புவதற்கு முன். இரண்டாம் முறை 14 கிலோமீட்டர் தள்ளி, தானா மேரா கோஸ்ட் சாலையோரப் பாதையில், கூட வந்த ஆறு பேரையும் நிற்க வைத்துக்கொண்டு.

பஞ்சருக்கெல்லாம் ஓர் ஆய்வா என்று கேட்கலாம். எனக்குக் கட்டடப் பராமரிப்பில் வேலை. ஒரு தண்ணீர்ப் பம்பு நின்றுபோனால், புதுப் பம்பு மாட்டிவிட்டேன் என்று எழுதிக் கோப்பை மூட எங்கள் இடத்தில் விடமாட்டார்கள். பழையது ஏன் நின்றது என்று எழுதிக் கொடுத்தால்தான் கையெழுத்து விழும். 16 வருடமாக இதைச் செய்கிற ஆள், சொந்த சைக்கிள் என்று வந்ததும் புதுசை மாட்டிவிட்டுக் கோப்பை மூடினேன். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி

சைக்கிள் சாதாரண ரோட் பைக். 700-க்கு 28 டயர், உள்ளே பியூட்டில் என்கிற செயற்கை ரப்பர் டியூப், காற்றடிக்க பிரெஸ்டா என்கிற ஒல்லி வால்வு. டயர் உட்காரும் வளையமான ரிம் 50 மில்லிமீட்டர் ஆழம். அழகாக இருக்கிறது என்று வாங்கியது. அந்த ஆழத்துக்கு விலை கொடுத்த கதை பின்னால் வரும். இரண்டு சக்கரத்துக்கும் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடிப்பது வழக்கம்.

அதற்கு முந்தைய ஞாயிறு விடியற்காலையில் சுமத்ரா காற்று அடித்து, கொட்டித் தீர்த்துவிட்டுப் போயிருந்தது. நாங்கள் ஈர ரோட்டில்தான் ஓட்டினோம். பஞ்சருக்கு ஈர ரோடு போல உகந்த இடம் இல்லை. மழைத் தண்ணீர் கண்ணாடித் தூளையும் கம்பித் துண்டையும் அடித்துக்கொண்டு வந்து ரோட்டோரத்தில், அதாவது சரியாக நாம் ஓட்டும் இடத்தில், சேர்த்து வைக்கும். அங்கே கிடப்பது ஈர டயரில் ஒட்டிக்கொள்ளும். நனைந்த ரப்பருக்குள் கூரான பொருள் வழுக்கிக்கொண்டு இறங்கவும் செய்யும்.

புதன்கிழமை இரவு போகிற போக்கில் பின்டயரை அமுக்கிப் பார்த்தேன். தொளதொளவென்று இருந்தது. பம்பை எடுத்து வந்து மாட்டினேன். முன்சக்கரத்தில் 72, பின்சக்கரத்தில் 40. இந்த இரண்டு எண்களையும் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, 'பின்னாடிதானே எடை அதிகம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இரண்டுக்கும் 80 அடித்துவிட்டுத் தூங்கப் போனேன்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் மொத்த விவகாரமும் இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது. ஓட்டை எதுவும் இல்லாவிட்டாலும் டியூப் காற்றை விடும். பியூட்டில் டியூப்பில் நாளொன்றுக்கு ஓரிரு பிஎஸ்ஐ குறைவது இயல்பு. இயற்கை ரப்பரில் செய்த லேட்டக்ஸ் டியூப் என்றால் ஒரே இரவில் கணிசமாக இறங்கிவிடும். அதை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே வாரக் கடைசியில் டயர் மெத்தென்று இருப்பதை வைத்துப் பஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே நாளில், ஒரே பம்பால், ஒரே அளவு அடித்த இரண்டு டயர்களில் ஒன்று மட்டும் ஐந்து மடங்கு இறங்கியிருந்தால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முன்டயர் எனக்காக இலவசமாக ஒரு பரிசோதனை நடத்திக் காட்டியது. எடை என்று நான் சொன்ன காரணத்தில் அர்த்தமே இல்லை: சைக்கிள் வாரம் முழுக்க சுவரில் சாய்ந்து கிடந்தது, அதன் மேல் யார் உட்கார்ந்தார்கள்?

ரப்பர் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் தாத்தா ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கித்தா (ரப்பர்) பால் வாடை கடைசிவரை தன் கையில் இருந்தது என்பார். 1877-ல் சிங்கப்பூர் வந்து இறங்கிய 22 நாற்றுகளில் தொடங்கியது இந்த வட்டாரத்தின் ரப்பர் கதை. பெல்பாஸ்டில் டன்லப் காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கிய அதே 1888-ல்தான், மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்ட ரிட்லி, சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்று வந்தார். இப்போது என் டியூப்பில் தாத்தாவின் ரப்பர் இல்லை. பியூட்டில் முழுக்க ஆலைச் சரக்கு. ஜூரோங் தீவிலேயே 2013-ல் அதற்கென்று ஒரு பெரிய ஆலை திறந்தார்கள். தாத்தாவிடம் காட்டியிருந்தால் முகர்ந்து பார்த்துவிட்டு, 'இது கித்தாவே இல்லடா' என்றிருப்பார்.

அன்று காலை

5:20-க்கு எழுந்து கதவைத் திறந்தால், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பின்ரிம் தரையில் உட்கார்ந்திருக்கிறது. 6:20-க்கு ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் சேர வேண்டும். எங்கள் குழுவில் இருவர் 9 மணிக்குள் வீடு திரும்பி, பிள்ளைகளை வகுப்புக்குக் கொண்டுபோய் விட வேண்டியவர்கள். யாரையும் காக்க வைக்கக் கூடாது.

முதலில் காற்றடித்துப் பார்த்தேன். 80 வரை ஏறியது. உஸ்ஸென்று எந்தச் சத்தமும் இல்லை. உள்ளே போய்க் காப்பி கலக்கிக் குடித்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து வந்து கட்டைவிரலால் அமுக்கினேன். கல்லு மாதிரி இருந்தது. ஒரு கணம் அப்படியே கிளம்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. (கட்டைவிரலுக்கு 80-க்கும் 65-க்கும் வித்தியாசம் தெரியாது. இதை நம்பாதவர்கள் பம்பின் முள்ளை மறைத்துவிட்டு வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். நான் சோதித்துத் தோற்றிருக்கிறேன்.)

சரி, எதற்கு வம்பு, டியூப்பையே மாற்றிவிடுவோம் என்று மின்தூக்கியில் கீழே இறங்கினேன். புளோக்கின் கீழ்த்தளத்தில், கல்மேசைக்குப் பக்கத்தில் சைக்கிளைக் கவிழ்த்தேன். சங்கிலியைச் சின்னப் பல்சக்கரத்துக்குத் தள்ளி, சக்கரத்தைக் கழற்றி, வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் லீவரைக் கொடுத்து டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் வெளியே எடுத்தேன். மறுபக்கம் ரிம்மிலேயே இருந்தது. பழைய டியூப்பை உருவினேன், சீட்டுப் பையில் இருந்த புது டியூப்பை எடுத்துப் போட்டேன். டயரின் வெளிப்பக்கத்தை ஒரு சுற்று கையால் தடவினேன். முள்ளோ ஆணியோ தட்டுப்படவில்லை. விளிம்பை உள்ளே தள்ளி, 80 அடித்து மாட்டியாயிற்று. மொத்தம் 9 நிமிடம். என் வேகத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

இரண்டு சின்ன விஷயங்கள் அப்போது நடந்தன. பழைய டியூப்பைப் போடக் குப்பைத் தொட்டியைத் தேடினேன். புளோக்கின் அடுத்த முனையில் இருந்தது. நடக்கச் சோம்பல்பட்டு, சுருட்டிச் சட்டையின் முதுகுப் பைக்குள் திணித்துக்கொண்டேன். இன்னொன்று, சீட்டுப் பை இப்போது காலி. வீட்டு அலமாரியில் இன்னும் இரண்டு டியூப் இருந்தது. ஆனால் 11 மாடி ஏறி, தூங்குகிறவர்களை எழுப்பாமல் அலமாரியைத் திறந்து... விடு, இப்போதுதான் புதுசு போட்டிருக்கிறோமே என்று விட்டுவிட்டேன்.

முதல் சோம்பல் என்னைக் காப்பாற்றியது. இரண்டாவது சோம்பல் ஏழு பேரின் காலை நேரத்தைச் சாப்பிட்டது.

தானா மேராவில்

6:52. விமான நிலையத்தை ஒட்டி நீளமாகப் போகிற அந்தப் பாதையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: கடை கிடையாது, ஒதுங்க இடம் கிடையாது, பக்கத்தில் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். பின்சக்கரம் வளைவில் லேசாக நெளிவது போல் இருந்தது. பிரமை என்று நினைத்தேன். நூறு மீட்டர் போவதற்குள் ரிம் கான்கிரீட்டில் தடதடத்தது.

பாதையை விட்டுப் புல்லில் இறங்கி நின்றோம். ஆளுக்கு ஒரு கருத்து வந்தது. டியூப் மட்டமான சரக்கு என்றார் ஒருவர். காற்று அதிகம் அடித்துவிட்டாய் என்றார் இன்னொருவர். மாட்டும்போது லீவரால் குத்தியிருப்பாய் என்றது மூன்றாவது குரல். நான் முதல் கருத்தின் பக்கம் சாய்ந்தேன், ஏனென்றால் அதில்தான் என் தவறு எதுவும் இல்லை.

எங்கள் குழுவில் மூத்தவர் ஓர் அண்ணன். கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். தஞ்சாவூர்ப் பக்கம் பள்ளிக்கூட விடுமுறைகளில் வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டி வளர்ந்தவர். அவர் கருத்து எதுவும் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, காலையில கழட்டின டியூப் எங்க?"

"முதுகுல இருக்குண்ணே."

"தூக்கிப் போடலையா? பரவால்லையே. குடு இங்க."

அதற்குப்பின் அவர் செய்ததை மெதுவாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது டியூப்பை உருவும்போது டயரை ரிம்மிலிருந்து முழுசாகக் கழற்ற விடவில்லை. "இருக்கற இடத்துலயே இருக்கட்டும், சுத்தி விட்டுறாத" என்றார். இரண்டு டியூப்புக்கும் கைப்பம்பால் கொஞ்சம் காற்றடித்தார், மலைப்பாம்பு போலப் புடைக்கும்வரை. ஒவ்வொன்றையும் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து மெல்ல நகர்த்தினார். காதைவிடக் கன்னமும் உதடும் காற்றைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் என்றார். லாரி இரைச்சலில் அது உண்மையாகத்தான் இருந்தது. ஓட்டை கிடைத்த இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. அப்புறம் இரண்டு டியூப்பையும் புல்லின் மேல் பக்கம் பக்கமாக நீட்டி, வால்வுக்கு நேர் வால்வு வைத்தார்.

இரண்டு பெருக்கல் குறியும் வால்விலிருந்து ஒரு சாண் நாலு விரல்கடையில் இருந்தன. யாரும் ஒன்றும் பேசவில்லை. டியூப் மட்டம் என்று சொன்னவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

டியூப்புகள் சொன்னது

ஓட்டை எங்கே இருக்கிறது, என்ன வடிவத்தில் இருக்கிறது என்பதுதான் பஞ்சரின் வாக்குமூலம். பாம்பு கடித்தது போலப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால், காற்றுக் குறைவாக இருந்து, மேட்டில் ஏறும்போது டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. டியூப்பின் உள்வளைவில், அதாவது ரிம்மைப் பார்த்த பக்கத்தில் ஓட்டை என்றால் ஸ்போக் துளைகளை மூடியிருக்கும் ரிம் டேப் விலகி, துளையின் விளிம்பு குத்துகிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் பம்பை ஆட்டி ஆட்டி அடித்ததன் விளைவு. மாட்டும்போது லீவர் கடித்திருந்தால் பெரும்பாலும் ஒரு சின்னக் கிழிசலாகத் தெரியும், டியூப்பும் அடித்த கையோடு இறங்கிவிடும். 14 கிலோமீட்டர் தாக்குப்பிடிக்காது.

என் இரண்டு டியூப்பிலும் ஒற்றை ஓட்டை, ஊசிமுனை அளவு, ரோட்டைப் பார்த்த வெளிவளைவில். வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்று, டயரைத் துளைத்து நிற்கிறது. இரண்டிலும் ஒரே தூரம் என்றால் அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

28 மில்லிமீட்டர் டயரின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். அந்த அரையிருட்டில் அவ்வளவையும் தேட வேண்டியதில்லை. டயர் ரிம்மில் நகரவில்லை என்பதால், வால்வுத் துளையிலிருந்து அதே ஒரு சாண் நாலு விரல்கடை தூரத்தில்தான் குற்றவாளி இருக்க வேண்டும். உருவியதில் டியூப் எந்தப் பக்கம் திரும்பியது என்று எனக்கு நினைவில்லாததால், வலப்பக்கம் ஓர் இடம், இடப்பக்கம் ஓர் இடம். இரண்டே இடங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் பெயரை வால்வுக்கு நேராக வைத்து மாட்டச் சொல்வது இதற்குத்தான். நான் இத்தனை நாளும் படம் எடுக்க நன்றாக இருக்கும் என்பதற்காகச் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

வலப்பக்கம் தடவினால் ஒன்றுமில்லை. இடப்பக்கமும் என் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் கைக்குட்டையை எடுத்தார். பருத்திக் கைக்குட்டை, நாலாக மடித்தது. டயரின் உட்பக்கத்தில் அதை மெதுவாக இழுத்தார். ஓரிடத்தில் நூல் மாட்டி நின்றது. மறுபடி இழுத்தார், மறுபடி அதே இடம். டார்ச்சை வைத்துப் பார்த்தால், கறுப்பு ரப்பரில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு மினுக்கம். டயரின் வெளிப்பக்கத்தில் அதே இடத்தைப் பார்த்தால் எதுவுமே இல்லை, ரப்பர் மூடிக்கொண்டிருந்தது. காலையில் நான் வெளியே எத்தனை சுற்று தடவியிருந்தாலும் கிடைத்திருக்காது.

முதலுதவிப் பையில் கிடந்த ஊக்கால் வெளியிலிருந்து நெம்பி, உள்ளிருந்து நகவெட்டியால் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார். மெல்லிய எஃகுக் கம்பி, கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். உள்ளங்கையில் வைத்தால் ஒரு நரைமுடித் துண்டு போல இருந்தது. லாரி டயர்களுக்குள் எஃகுக் கம்பி வலை இருக்கும். டயர் வெடித்தோ தேய்ந்தோ பிய்யும்போது அந்தக் கம்பிகள் ரோட்டில் சிதறும். கனரக வண்டிகள் ஓடும் ரோடுகளில் சைக்கிள்காரர்களுக்கு இதுதான் முதல் எதிரி. கண்ணாடித் துண்டாவது கண்ணுக்குத் தெரியும்.

ஏன் காலையில் பத்து நிமிடம் காற்று நின்றது, ஏன் 14 கிலோமீட்டர் ஓடியது என்பதற்கும் அந்தக் கம்பியே பதில். சைக்கிள் சும்மா நிற்கும்போது கம்பி துளைத்த ஓட்டையைக் கம்பியே அடைத்துக்கொண்டிருக்கும். காற்று நூல் அளவில்தான் கசியும். சக்கரம் உருளும்போது, அந்த இடம் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் டயர் நசுங்கி, கம்பி ஒரு மயிரிழை உள்ளே போய் வரும். 14 கிலோமீட்டரில் சக்கரம் 6,500 தடவைக்கு மேல் சுற்றியிருக்கிறது. புது டியூப்பை அத்தனை முறை குத்தியிருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் அந்த மட்டமான டியூப் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் சைக்கிள் இன்னும் புல்லில்தான் கிடக்கிறது. என்னிடம் டியூப் இல்லை. ஒருவர் தன்னுடையதைக் கொடுத்தார். வால்வு நீளம் 48 மில்லிமீட்டர், என் ரிம் 50. வால்வின் தலைகூட வெளியே வரவில்லை. இன்னொருவருடையது 20 அங்குல மடக்கு சைக்கிள். மூன்றாமவர் டியூப்லெஸ் ஓட்டுகிறார், அவரிடம் டியூப்பே கிடையாது. சரி, ஒட்டிவிடலாம் என்று என் பஞ்சர் பெட்டியைத் திறந்தேன். உப்புத்தாள் இருந்தது, ஒட்டு இருந்தது, சொல்யூஷன் என்கிற பசைக் குப்பியை அமுக்கினால் காற்றுதான் வந்தது. ஒருமுறை மூடியைத் திறந்த சொல்யூஷன், எவ்வளவு இறுக்கி மூடினாலும் சில மாதங்களில் உள்ளேயே உலர்ந்துவிடும். நான் திறந்து ஒன்றரை வருடம்.

கடைசியில் மடக்கு சைக்கிள்காரரிடம் இருந்த, பசை தேவைப்படாத ஒட்டு கைகொடுத்தது. அதற்கும் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அவசர உதவிக்கு அது போதும். நிரந்தரம் என்றால் சொல்யூஷன்தான்: மெல்லிய படலமாகத் தடவி, ஐந்து நிமிடம் பளபளப்பு போகும்வரை காத்திருந்து, அப்புறம்தான் ஒட்டை வைக்க வேண்டும். அது கோந்து போல ஈரத்தில் ஒட்டுவதில்லை. காய்ந்தபின் ரப்பரோடு ரப்பராகச் சேர்கிறது. "எங்க கடையில அவசரப்பட்டா முதலாளி தலையில குட்டுவாரு" என்றார் அண்ணன்.

16 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி ஒன்று யாரிடமோ இருந்தது. திருகியதும் டயர் சில நொடிகளில் நிமிர்ந்துகொண்டது, குப்பியில் பனி படிந்து விரல் ஒட்டிக்கொண்டது. அந்த வாயு பியூட்டில் வழியாகச் சாதாரணக் காற்றைவிட வேகமாக வெளியேறும். வீட்டுக்குப் போனதும் இறக்கிவிட்டு மறுபடி காற்றடிக்க வேண்டும்.

மறுபடி மிதித்தபோது மணி 7:44. 52 நிமிடம். பிள்ளைகளுக்காகப் போக வேண்டிய இருவரும் அங்கிருந்தே திரும்பிவிட்டார்கள். சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாசி லெமாக் வரிசை வாசல்வரை நின்றது. ஒட்டும் கிடைக்காமல் போயிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: மடக்க முடியாத சைக்கிளைப் பெருவிரைவு ரயிலிலும் பேருந்திலும் ஏற்ற விடமாட்டார்கள். மடக்கினாலும் 120-க்கு 70-க்கு 40 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். தள்ளிக்கொண்டே நடக்க வேண்டியதுதான்.

ஏன் இப்படி ஆனது

கம்பிதான் காரணம் என்று எழுதி முடித்தால் என் மேலாளர் திருப்பி அனுப்பிவிடுவார். கம்பி முதல் பஞ்சருக்குக் காரணம். இரண்டாவது பஞ்சருக்குக் காரணம், டியூப்பை மாற்றுவதும் பஞ்சரைச் சரிசெய்வதும் ஒன்று என்று நான் நினைத்தது. கீழ்த்தளத்தில் பழைய டியூப்புக்குக் காற்றடித்து ஓட்டையைத் தேடியிருந்தால் மூன்று நிமிடம். அந்த இடத்தில் டயரின் உள்பக்கம் துணியை இழுத்திருந்தால் இன்னும் இரண்டு நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்து 52 நிமிடத்தைச் செலவழித்தேன், அதுவும் ஏழு பேருக்கும் சேர்த்து.

இன்னும் பின்னால் போனால் புதன்கிழமை இருக்கிறது. 72-க்கு 40. அன்று இரவு எனக்கு அவசரமே இல்லை, வெளிச்சம் இருந்தது, அலமாரி பக்கத்திலேயே இருந்தது. அவசரத்தால் தப்பு நடந்தது என்று சொல்லிக்கொள்வது வசதியாகத்தான் இருக்கிறது, ஆனால் முதல் தப்பு நடந்தபோது நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலி சீட்டுப் பை இன்னொரு தனிக் கதை. வீட்டில் பஞ்சர் ஆனால் வீட்டில் இருக்கிற டியூப்பைப் போட வேண்டும். பையில் இருப்பது வழிக்கு. இது தெரியாததில்லை. பை பக்கத்தில் இருந்தது, அலமாரி 11-வது மாடியில் இருந்தது, அவ்வளவுதான்.

டியூப்லெஸ்ஸுக்கு மாறிவிடு என்று, அதை ஓட்டுகிற அந்த நண்பர் இன்றுவரை சொல்கிறார். இவ்வளவு சின்னக் கம்பி ஓட்டையை அந்த டயருக்குள் ஊற்றி வைக்கும், பால் போன்ற அடைப்புத் திரவம் தானாகவே அடைத்திருக்கும், உண்மைதான். ஆனால் அந்தப் பால் இந்த வெயிலில் சில மாதங்களில் காய்ந்துவிடும், பார்த்துப் பார்த்து ஊற்ற வேண்டும். ஒன்றரை வருடமாகச் சொல்யூஷனையே பார்க்காதவனுக்கு அது சரிப்படாது.

அதன்பின் மாற்றியவை

பெரிதாக ஒன்றுமில்லை. காற்றடிப்பதை ஞாயிறு காலையிலிருந்து சனி இரவுக்கு மாற்றினேன். இரண்டு டயருக்கும் 80 அடித்து, காலையில் முள்ளைப் பார்ப்பது. மெதுவாகக் கசிகிற டயர் ஏழெட்டு மணி நேரத்தில் முன்டயரைவிடப் பின்தங்கிக் காட்டிக்கொடுத்துவிடும், அதைப் பார்த்துச் செய்ய வேண்டியதைச் செய்யச் சனி இரவு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கிறது. பின்தங்கினால் முதலில் வால்வின் தலையில் ஒரு சொட்டு எச்சில். குமிழி வந்தால் உள்திருகு தளர்ந்திருக்கிறது, இறுக்கினால் முடிந்தது. அது இல்லையென்றால்தான் டயரைக் கழற்றுவது.

டியூப்பை உருவுவதற்கு முன் டயரிலும் டியூப்பிலும் ஒரே பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்கிறேன். அப்படிச் செய்தால் தேட வேண்டியது இரண்டு இடம்கூட இல்லை, ஒன்றுதான். ஒரு பழைய பனியன் துண்டு பம்பிலேயே கட்டித் தொங்குகிறது. டயரின் பெயர் வால்வுக்கு நேராக இருக்கிறது, படமும் நன்றாகத்தான் வருகிறது. சீட்டுப் பைக்குள் 60 மில்லிமீட்டர் வால்வு வைத்த டியூப் ஒன்றும், திறக்காத சொல்யூஷனும், பசையில்லாத ஒட்டும் இருக்கின்றன.

அந்த முதல் டியூப்பை அன்று இரவே குளியலறை வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். பேனாக் குறி போட்ட இடத்திலிருந்து கடுகளவு குமிழிகள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் மேலே வந்தன. ஒரு குமிழிக்கும் அடுத்ததற்கும் நடுவில் நிதானமாக ஐந்து எண்ணலாம். இதுதான் புதன்கிழமை எனக்குத் தெரியாமல் போன கசிவு. துடைத்து, தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து, ஒட்டை வைத்தேன்.

அந்த ஒட்டிய டியூப்பைத்தான் பின்சக்கரத்தில் போட்டேன். அடுத்த சனி இரவு 9:30-க்கு இரண்டிலும் 80. ஞாயிறு காலை 5:20-க்கு முன்சக்கரம் 79, பின்சக்கரம் 79. முள்ளைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: "பையில டியூப் இருக்கா?"